புதுவருடத்தில் நமது வீட்டுக்கு ஓர் இலக்கு

(2025 ஜனவரியில் முரசுமோட்டையில் கூடிய தொழிலாளர் குடும்பங்கள் முன்னிலையில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. தோட்டங்களில் உள்ள அங்கத்தவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால் இங்கே தருகிறோம்.)



புதுவருடம் பிறந்து சில நாட்களே ஆகின்றன. பொங்கல் வரப்போகிறது. சித்திரையில் இன்னொரு வருடப்பிறப்பும் வரும். ஒரே வருடத்தில் மூன்று முறை "இனி எல்லாம் நல்லா நடக்கணும்" என்று சாமியிடம் சொல்லுகிற ஆட்கள் நாங்கள். அப்படிச் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் சொல்லிவிட்டு அடுத்த நாள் காலையில் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புதுவருடம் வந்தால் வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரு பேச்சு நடக்கும். "இலக்கு வையுங்கள், மனம் வைத்தால் கோடீஸ்வரன் ஆகலாம்" என்பார்கள். அந்தப் பேச்சு எங்களுக்குப் பிடிப்பதில்லை. கொழுந்து பறிக்கிற பெண்ணின் சம்பளம் குறைவாக இருப்பது அவளுக்கு இலக்கு இல்லாததால் அல்ல. வயலில் கூலிக்கு நிற்கிறவருக்குச் சொந்தக் காணி இல்லாததும் அவருடைய மனத்தில் உறுதி இல்லாததால் அல்ல. நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் வர்த்தமானிப்படி 1350 ரூபாவுக்கு வந்தது என்றால், தனி ஆள் கண்ணாடி முன்னால் நின்று உறுதி எடுத்து வரவில்லை. அது சங்கங்களும் தொழிலாளரும் வருடக்கணக்காகக் கேட்டும் தெருவில் நின்றும் வந்தது. ஆகவே சம்பளமும் காணி உரிமையும் கூட்டாகக் கேட்டு வாங்க வேண்டியவை. அதை இந்தப் பேச்சு மாற்றாது.

ஆனாலும் கூட்டாகக் கேட்பதற்கும் வீட்டில் செய்வதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நமது கைக்கு எட்டுகிற பல காரியங்கள் வருடாவருடம் தள்ளிப் போகின்றன. ஒரு கையெழுத்து, ஒரு பிரதி, ஒரு நாள் பிரயாணம். அவை நடக்காததால் சங்கம் வென்று கொடுத்த உரிமைகூட வீட்டுக்கு வந்து சேருவதில்லை.

நமது ஆட்களுக்கு இலக்கு வைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால், இந்த ஜனவரி மாதத்தையே பதிலாகச் சொல்லலாம். 1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டப் பக்கத்தில் முல்லோயாத் தோட்டம். தொழிலாளர் கேட்டது பதினாறு சதம் சம்பள உயர்வு. "எங்களை நல்லாப் பாருங்க தொரை" என்று கேட்கவில்லை. பதினாறு சதம் என்று எண்ணைச் சொல்லிக் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். அந்த நாளைத்தான் தியாகிகள் தினமாக நினைவுகூருகிறோம். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டபோது, அங்கேயும் பேச்சு குறிப்பானது. ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணி கைமாறக் கூடாது என்பதுதான் கோரிக்கை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984 இல் கிடைத்தது. இவை எல்லாவற்றிலும் ஓர் எண்ணோ, ஓர் எல்லையோ இருந்தது. கிடைத்ததா இல்லையா என்று எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. வீட்டு இலக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

முரசுமோட்டையில் வந்து இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் இருக்கிற மலையகக் குடும்பங்கள் தாங்களாக ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. 1958 இலும் 1977 இலும் 1983 இலும் அடிபட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். எழுபதுகளில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குக் கைமாறிய காலத்தில், அரிசியும் மாவும் இல்லாமல் பட்டினி கிடந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வடக்கே இறங்கியவர்கள் இருக்கிறார்கள். 1977 க்குப் பிறகு காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் குடியேற்றங்களை அமைத்து உதவியது. அதை நடத்திய வைத்தியர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். பிறகு 2009 ஜனவரியில் இதே பரந்தன் முல்லைத்தீவு வீதியால் கிழக்குப் பக்கமாகப் போனது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1948 இல் குடியுரிமை போனதிலிருந்து, நமது குடும்பங்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதை எப்போதும் வேறு யாரோதான் முடிவு செய்தார்கள். 1964 இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சத்தை 1974 இல் பாதி பாதியாகப் பகிர்ந்தார்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நாடற்றவர் என்ற பெயரோடு ஆட்கள் இருந்தார்கள். இப்படி வாழ்ந்த குடும்பத்தில் "அடுத்த வருடம் இதைச் செய்வோம்" என்று யோசிக்கிற பழக்கம் குறைந்துபோவது இயல்புதான். ஒவ்வொரு முறையும் கட்டியதை விட்டுவிட்டு ஓடியவருக்கு வருடத்துக்குத் திட்டம் போடச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். அந்தச் சிரிப்பு எங்களுக்கும் விளங்குகிறது.

ஆனால் ஓடின ஓட்டத்தில் விட்டுவந்த ஒன்றைப் பற்றிக் கேட்கிறோம். உங்கள் அப்பா, அம்மா, தாத்தா வேலை செய்த தோட்டத்தில் அவர்களுக்கு ஈ.பி.எப் எண் இருந்ததா?

ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இன்றைய கணக்கில் தொழிலாளியின் சம்பளத்தில் எட்டு வீதம் வெட்டுவார்கள், தோட்டம் பன்னிரண்டு வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, அதாவது ஈ.டி.எப், 1980 ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குத் தோட்டம் மூன்று வீதம் தனியாகக் கட்ட வேண்டும், நமது சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. கட்டிய பணம், வேலையை விட்ட ஆண்டு பழையது என்பதற்காகத் தோட்டத்துக்குத் திரும்பிப் போய்விடாது. ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும் எடுக்கலாம். உரியவர் இறந்துவிட்டால் வாரிசுகள் கேட்கலாம். 77 இல் வந்தவருடைய கணக்கில் பெரிய தொகை இருக்கும் என்று ஆசை காட்ட மாட்டோம். அந்தக் காலச் சம்பளம் அப்படி. ஆனால் 83 க்குப் பிறகும் அங்கேயே இருந்து, தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் இங்கே வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். கல்யாணம் முடித்து மலையிலிருந்து இங்கே வந்த பெண்கள் இருக்கிறீர்கள். உங்கள் கணக்குகள் கதை வேறு.

தோட்டத்தில் இருக்கும் அங்கத்தவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறோம். மாதம் இருபது பேர் போட்டால் 1350 வீதம் 27,000 ரூபா. அதில் எட்டு வீதம் 2,160. தோட்டத்தின் பன்னிரண்டு வீதம் 3,240. இரண்டும் சேர்ந்து மாதம் 5,400, வருடம் 64,800 ரூபா. ஈ.டி.எப் இன்னும் மாதம் 810. இது வட்டி இல்லாமல். இந்தப் பணம் போய்ச் சேருகிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சம்பளத் துண்டில் வெட்டியிருப்பார்கள், நிதிக்குக் கட்டியிருக்க மாட்டார்கள். அப்படி நடந்த இடங்கள் உண்டு. கட்டவில்லை என்றால் தொழில் திணைக்களம் வழக்குப் போட்டு அறவிடலாம். ஆனால் யாராவது முறைப்பாடு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று சேவைக்காலப் பணம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால், நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் பதினான்கு நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தில்தான் கணக்கு. 1350 என்றால் ஒரு வருடத்துக்கு 18,900. இருபது வருடச் சேவைக்கு 3,78,000 ரூபா. வேலையை விட்டு முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். பலர் இதை ஏதோ தொரை மனமிரங்கித் தருகிற சந்தோசக் காசு என்று நினைக்கிறார்கள். அது உழைப்பின் காசு.

இங்கே உள்ள பிள்ளைகளும் கேளுங்கள். கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறீர்கள், கொழும்பில் கடைக்குப் போகிறீர்கள். இரண்டு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே என்று மாறுகிறீர்கள். ஒவ்வோர் இடத்திலும் அங்கத்துவ எண் வேறு. அந்த எண்களை எழுதி வைத்திருக்கிறீர்களா? பெண் பிள்ளை கல்யாணத்துக்காக வேலையை விட்டால் வயது வரும் முன்பே பணத்தை எடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. எடுத்து மண்டபத்துக்கும் சமையலுக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம். இதில் மாப்பிள்ளை வீட்டார் கோபித்தால் கோபிக்கட்டும்.

ஆகவே ஒரு வீட்டின் இந்த வருட இலக்கு இப்படி இருக்கலாம்: "அம்மாவுடைய ஈ.பி.எப். பழைய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். மாசி முடியும் முன். பெரியவன் போக வேண்டும்." இந்த மூன்றும் இருந்தால் அது இலக்கு. "அம்மாட காசை ஒருநாள் பார்க்கணும்" என்று சொன்னால், அம்மா போன பிறகும் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

இந்த வேலையில் காலைப் பிடித்து இழுப்பது பெயர். செக்ரோலில் கணக்கப்பிள்ளை காளியம்மா என்று எழுதியிருப்பார். அடையாள அட்டையில் காளியம்மாள். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் காளியாயி. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், திணைக்களத்துக்குத் தெரியாது. அத்தோடு யுத்தத்தில் பெட்டியோடு போன பத்திரங்கள். மாவட்டப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம், பதிவே இல்லாதவருக்குக் காலங்கடந்த பதிவு செய்யலாம், பெயர் வித்தியாசத்துக்குச் சத்தியக்கடதாசி முடிக்கலாம். ஒவ்வொன்றும் அலைச்சல்தான். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போனால், "அந்த ஐயா இன்றைக்கு லீவு" என்பார்கள். இரண்டாவது முறை போகும்போது மனம் விட்டுவிடும். அதனால்தான் தனி ஆளாகப் போகாதீர்கள் என்கிறோம். ஐந்து வீட்டின் பத்திரத்தை ஒருவர் கொண்டுபோனால் நான்கு பேருடைய கூலி மிச்சம். உரியவர் நேரில் வந்தே ஆகவேண்டிய காரியத்துக்கு எல்லோருமாக ஒரு வாகனம் பிடிக்கலாம்.

காணிக்கு வருவோம். இது இன்னும் கனமான விசயம். மலையகத்தில் லயத்து மக்கள் ஏழு பேர்ச் நிலத்துக்கு உறுதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே சிலரிடம் காணி அனுமதிப்பத்திரம், நாம் பேச்சில் சொல்லும் பெர்மிட், இருக்கிறது. சிலர் வருடக்கணக்காகக் குடியிருந்தும் கையில் துண்டு இல்லை. சிலருடையது வேறொருவர் பெயரில். யுத்தத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தபோது, பத்திரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் தகரக் கொட்டிலில் நின்ற குடும்பங்களைக் கண்டோம். காணி கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்பதை நாங்கள் விடவும் போவதில்லை. அதற்கிடையில் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறோம். பெர்மிட் இருப்பவர்கள் பின்னுரித்தாளரைப் பதிந்திருக்கிறீர்களா? 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியை, நினைத்தபடி பிள்ளைகளுக்குப் பிரித்து எழுத முடியாது. பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே தனக்குப் பின் யார் என்று பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். பதியாமல் கண்ணை மூடினால் சட்டத்தில் உள்ள வரிசைப்படி போகும். பிறகு அண்ணன் தம்பிக்குள்ளே பேச்சு வார்த்தை நிற்கும். கண்டாவளைப் பிரதேச செயலகம் உங்களுக்கு எட்டாத தூரம் இல்லை. அப்பாவை உட்கார வைத்துப் பேசுவதுதான் தூரம். "நான் சாகப்போறேன்னு நினைக்கிறியா" என்று கேட்பார். கேட்கட்டும், பொங்கல் நாளில் கோபம் ஆறிவிடும்.

பெர்மிட் இல்லாதவர்கள், இருக்கிற எல்லாத் துண்டையும் ஒரு பையில் போடுங்கள். மின்சாரப் பட்டியல், வாக்காளர் பதிவு, கிராம உத்தியோகத்தர் கொடுத்த கடிதம், பிள்ளையின் பாடசாலை அனுமதி, நிவாரண அட்டை. எந்த வருடத்திலிருந்து குடியிருக்கிறோம் என்று காட்ட இவைதான் சாட்சி. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது வெள்ளம் வீட்டுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பையைப் பொலித்தீனில் சுற்றி உயரமான இடத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது கடன். இதைப் பெண்களிடம் பேசுகிறோம், ஏனென்றால் நுண்கடனில் கையெழுத்து வைத்தது நீங்கள்தான், கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பதும் உங்களைக் கேட்டுத்தான். 2018 இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது, ஆண்டு வட்டிக்கு 35 வீதம் எல்லையும் வைத்தது. அது பெண்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகு வந்தது. ஆனால் கிழமைக் கடனில் வட்டி கண்ணுக்குத் தெரியாது. உதாரணத்துக்கு, ஐம்பதாயிரம் எடுத்து 52 கிழமை 1,200 வீதம் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். மொத்தம் 62,400. மேலதிகம் 12,400, அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து என்றுதான் தோன்றும். ஆனால் முதலை நீங்கள் கிழமைக்குக் கிழமை திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். வருடம் முழுவதும் ஐம்பதாயிரமும் உங்கள் கையில் இல்லை. சரியாகக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நாற்பத்தைந்து வீதத்துக்குக் கிட்ட வரும். இதைச் சொன்னால் "வேற யார் தருவா" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்களிடம் முழுப் பதில் இல்லை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பதில்லை என்பதை மட்டும் இந்த வருடத்துக்கு எழுதி வையுங்கள். இருக்கிற கடன்களில் எது சீக்கிரம் முடியும், எந்தக் கிழமையில் முடியும் என்று திகதி போடுங்கள். கால போக அறுவடைக் கூலி கையில் வரும் மாதங்களில் எது அடையும் என்று பாருங்கள். அறுவடைக்கு இயந்திரம் வந்த பிறகு கூலி நாட்கள் குறைந்துபோனதால், இந்தக் கணக்கை ஒருநாள் உட்கார்ந்து போடத்தான் வேண்டும். தோட்டத்தில் உள்ளவர்களுக்குத் தீபாவளி முற்பணமும் இதே கதைதான். வாங்கும்போது இனிக்கும், தை மாசச் சம்பளத்தில் வெட்டும்போது தெரியும்.

குடியைப் பற்றிப் பேசாமல் போனால் தாய்மார்கள் எங்களை விடமாட்டீர்கள். பேசினால் ஐயாமார் எழும்பிப் போவீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறோம். "இன்றையிலிருந்து விட்டேன்" என்று ஜனவரி முதலாம் திகதி சத்தியம் செய்தவர்களை நிறையக் கண்டிருக்கிறோம். சம்பள நாளில் காசை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்த பிறகுதான் வெளியே போவேன் என்று வைத்தவர்கள் அதைவிடக் கூட நாள் நின்றார்கள். முழுக்க விடுகிறவரை நாங்கள் தடுக்கவில்லை.

பிள்ளைகள் விசயத்தில் எல்லோரும் பெரிய இலக்கு வைக்கிறோம். வைத்தியர், பொறியியலாளர். நல்லது. ஆனால் அறுவடைக் காலத்தில் சின்னதைப் பார்க்கப் பெரியதை வீட்டில் நிறுத்துகிறோம். தோட்டத்தில் நமக்குப் பேர் போடுவது தெரியும். முழுப்பேர், அரைப்பேர், பேர் இல்லை. பிள்ளைக்கும் அப்படி ஒரு செக்ரோல் எழுதுங்கள். பாடசாலை நடந்த நாள் எத்தனை, நமது பிள்ளை போட்ட பேர் எத்தனை. மாதக் கடைசியில் பிள்ளையையே கூட்டச் சொல்லுங்கள். சாதாரண தரத்தில் என்ன வரும் என்பது அந்தத் தாளில் இரண்டு வருடத்துக்கு முன்பே தெரிந்துவிடும். ஆசிரியர் வராத நாளையும் அதில் குறியுங்கள். பெற்றார் கூட்டத்தில் பேசுவதற்கு அது ஆயுதம்.

சிலர் கேட்பீர்கள், இத்தனையும் ஒரே வருடத்திலா என்று. இல்லை. ஒரு வீட்டுக்கு ஒன்று. அதிகம் போனால் இரண்டு. எது என்பதை வீட்டில் எல்லோரும் இருந்து முடிவெடுங்கள். ஆண் மட்டும் முடிவெடுத்துப் பெண் அலைந்து திரிகிற இலக்கு வேண்டாம். நடக்காவிட்டால் திகதியைத் தள்ளுங்கள், ஏன் தள்ளினோம் என்றும் எழுதுங்கள். அலுவலகத்தில் தடுத்தார்கள் என்றால் அந்தக் காரணம் எங்களுக்கு வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரே இடத்தில் ஒரே தடை என்றால் அது தனி வீட்டின் பிரச்சினை இல்லை, சங்கம் கடிதம் எழுத வேண்டிய பிரச்சினை. பதினாறு சதம் கேட்டவர்களும் முதலில் லயத்து வாசலில் இருந்து அவரவர் வீட்டுக் கணக்கைத்தான் பேசியிருப்பார்கள்.

கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் மேசை போட்டிருக்கிறோம். சேமலாப நிதியைத் திரும்பப் பெறுகிற 'கே' படிவம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கொப்பியும் தருகிறோம். தோட்டத்தின் பெயர், டிவிசன், வேலை செய்த வருடங்கள், செக்ரோலில் என்ன பெயர் என்று தெரிந்ததைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். எண் நினைவில்லாதவர்கள் பழைய சம்பளத் துண்டையோ சங்கச் சந்தாத் துண்டையோ தேடிப் பாருங்கள். மலையில் இன்னும் இருக்கிற சொந்தக்காரரிடம் இன்று இரவே தொலைபேசியில் கேளுங்கள். பாட்டிமார் முதலில் வாருங்கள், உங்களுக்குக் கதிரை போட்டிருக்கிறது.